தரவரிசைக்கு முன் ஒரு படம்

பல அளவுகளில் அளந்த எதையும் கடைசியில் ஒரே எண்ணாகச் சுருக்கி, முதலிடம், இரண்டாமிடம் என்று அடுக்கிவிட வேண்டும். அப்படி அடுக்காத ஆய்வு பாதியில் நின்றுபோன ஆய்வு. அரசு அலுவலகங்களிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் செய்தித்தாள்களிலும் இன்று இந்தக் கருத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. பட்டியல் போடும் முன் பொருள்களுக்கு இடையே உள்ள வரிசை உறவைப் படமாக வரைந்து பார்க்கலாமே என்று ஒருவர் சொன்னால் பதில்கள் தயாராக இருக்கின்றன. அந்தப் படம் இயற்கணித வகுப்பின் கரும்பலகைக்கு உரியது, தரவுக்கு உரியதல்ல என்பார்கள். ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருளில் அதை வரைவது பொருந்தாத வேலை என்பார்கள். வரைந்தாலும் கோட்டுச் சிக்கல்தான் மிஞ்சும், விடை கிடைக்காது என்பார்கள். இவை அனைத்தும் தவறு. வெறும் ரசனை வேறுபாடு என்று விட்டுவிடக்கூடிய தவறும் அல்ல. மனிதர்களையும் ஊர்களையும் கல்லூரிகளையும் தரம் பிரிக்கும் காரியத்தில் இந்தத் தவறு நாள்தோறும் அநியாயம் செய்கிறது.

படம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்வோம். எந்த அளவிலும் குறையாமல், குறைந்தது ஓர் அளவிலாவது கூடுதலாக இருப்பது மேலே, மற்றது கீழே. ஓர் அளவில் இது முந்தி, இன்னோர் அளவில் அது முந்தினால் அவை இரண்டும் ஒப்பிட முடியாதவை. அவற்றுக்கு இடையே கோடு கிடையாது. மேலே உள்ளதற்கும் கீழே உள்ளதற்கும் நடுவில் மூன்றாவது ஒன்று நின்றால் நேர்க்கோடு தேவையில்லை, நடுவில் உள்ளதன் வழியாகவே உறவு புரிந்துவிடும். இவ்வளவுதான் ஹாசே படம். ஜெர்மன் எண் கோட்பாட்டு அறிஞர் ஹெல்முட் ஹாசேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் 1895இலேயே ஆன்றி வோக்ட் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்.

இனி ஒரு தரவு. ஆர் மென்பொருளை நிறுவிய ஒவ்வொரு கணினியிலும் ஸ்டேட் எக்ஸ்77 என்ற அட்டவணை கூடவே வருகிறது. அமெரிக்காவின் 50 மாநிலங்களைப் பற்றிய, 1970களின் புள்ளிவிவரம். அதிலிருந்து ஐந்து அளவுகளை எடுப்போம். தனிநபர் வருமானம், ஆயுள் எதிர்பார்ப்பு, உயர்நிலைப் பள்ளி முடித்தோர் விழுக்காடு ஆகிய மூன்றும் கூடினால் நல்லது. எழுத்தறியாதோர் விழுக்காடு, லட்சம் பேருக்கு நிகழும் கொலைகள் ஆகிய இரண்டும் குறைந்தால் நல்லது. எந்த மாநிலம் முதலிடம்?

வருமானத்தில் அலாஸ்கா, 6315 டாலர். ஆயுளில் ஹவாய், 73.6 ஆண்டு. பள்ளி முடித்தோரில் யூட்டா, 67.3 விழுக்காடு. கொலை மிகக் குறைவு வடக்கு டகோட்டாவில், 1.4. எழுத்தறியாமை மிகக் குறைவாக அயோவா, நெவாடா, தெற்கு டகோட்டா மூன்றிலும் 0.5 விழுக்காடு. ஐந்து அளவுக்கு ஐந்து வெவ்வேறு உச்சிகள். இவற்றில் எந்த ஒன்றையும் வேறெந்த மாநிலமும் எல்லா அளவிலும் மிஞ்சவில்லை. படத்தில் இவை எல்லாமே உச்சியில் நிற்கும், ஒன்றுக்கொன்று கோடில்லாமல். முதலிடம் எது என்ற கேள்விக்கு இந்தத் தரவு ஒரு பெயரைத் தரவில்லை. ஒரு பெயர் இருப்பதாகச் சொல்லும் பட்டியல், அந்தப் பெயரைத் தரவுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்திருக்கிறது.

படத்தின் அடிப்பகுதி இன்னும் கவனிக்கத்தக்கது. 1931இல் எச்.எல். மென்கெனும் சார்லஸ் ஆங்காஃபும் அமெரிக்கன் மெர்க்குரி இதழில் அமெரிக்காவின் மிக மோசமான மாநிலம் எது என்று தொடர் கட்டுரை எழுதினார்கள். அட்டவணை அட்டவணையாக எண்களைக் கூட்டி, மிசிசிப்பி என்று முடித்தார்கள். அந்தப் பெயர் அந்த மாநிலத்தின் மேல் தலைமுறைகளாக ஒட்டிக்கொண்டது. நம் அட்டவணையில் பாருங்கள். மிசிசிப்பியின் வருமானம் 50 மாநிலங்களில் கடைசி, 3098 டாலர். ஆனால் எழுத்தறியாமையில் கடைசி லூசியானா, 2.8 விழுக்காடு. கொலையில் கடைசி அலபாமா, 15.1. ஆயுளிலும் பள்ளிக் கல்வியிலும் கடைசி தெற்கு கரோலினா, 67.96 ஆண்டு, 37.8 விழுக்காடு. நான்கும் படத்தின் அடியில் தனித்தனியே நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தன் துயரம். அந்த நான்கை 24 விதமாக அடுக்கலாம். 24இல் எதையும் தரவு மறுக்காது. அப்படியிருக்க ஒன்றை மட்டும் எடுத்து இதுதான் மோசம் என்று முத்திரை குத்த யாருக்கு என்ன உரிமை?

எடை கொடுத்துக் கூட்டினால் தீர்ந்தது என்பது வழக்கமான பதில். கூட்டலாம். வருமானத்துக்கு அதிக எடை போட்டால் அலாஸ்கா மினசோட்டாவை முந்தும். கொலைக்கு அதிக எடை போட்டால் மினசோட்டா முந்தும், அங்கே 2.3, அலாஸ்காவில் 11.3. ஒரு டாலரும் ஓர் உயிரும் எந்த விகிதத்தில் சமம் என்பதைத் தரவு சொல்வதில்லை. எடை போடுபவர் சொல்கிறார். அவர் சொன்னதை ஒரு சூத்திரத்துக்குள் வைத்து, கணினியில் ஓட்டி, மூன்று தசம இடத்துக்கு அச்சிட்டதும் அது அறிவியலின் தீர்ப்பு போலத் தோற்றம் கொள்கிறது. மனித வளர்ச்சிக் குறியீட்டை மஹ்பூப் உல் ஹக் உருவாக்கிய காலத்தில் அமர்த்தியா சென் இப்படி ஒற்றை எண்ணாக்குவதைத் தயக்கத்தோடுதான் பார்த்தார். ஹக்கின் நோக்கம் தெளிவானது: மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற ஒற்றை எண்ணை எதிர்க்க அதே அளவு எளிய இன்னோர் ஒற்றை எண் அவருக்குத் தேவைப்பட்டது. அரசியல் களத்தில் அது பயன்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2010இல் அந்தக் குறியீட்டின் கணக்கு கூட்டுச் சராசரியிலிருந்து பெருக்குச் சராசரிக்கு மாற்றப்பட்டது. எந்த நாட்டிலும் யாருடைய வாழ்க்கையும் மாறாமல், சூத்திரம் மாறுவதாலேயே இடங்கள் மாறக்கூடும் என்றால் அந்த இடங்களைப் பற்றி நாம் எவ்வளவு பேச வேண்டும்? ஒப்பீடு முழுமையடையாமல் இருப்பது குறையல்ல, ஒப்பிட முடிகிற அளவுக்கு ஒப்பிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று 1970இலேயே சமூகத் தேர்வு பற்றிய தம் நூலில் விரிவாக வாதாடியவர் சென். அந்த வாதத்தை நம் புள்ளியியல் வகுப்புகள் சொல்லித் தருவதில்லை.

இந்தப் படம் கரும்பலகைக்கு மட்டும் உரியது என்பவர்கள் வரலாற்றைப் பார்க்கட்டும். 1986இல் எஃப்ரைம் ஹால்ஃபோனும் மார்செல்லோ ரெஜியானியும் சுற்றுச்சூழலுக்கு ஆபத்தான வேதிப்பொருள்களை வரிசைப்படுத்த இதே படத்தைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு பொருள் அதிக நஞ்சு, ஆனால் விரைவில் சிதைந்துவிடும். இன்னொன்று குறைந்த நஞ்சு, ஆனால் ஆண்டுக்கணக்கில் மண்ணில் தங்கும். இவற்றில் எது கொடியது என்று ஒரு சராசரி தீர்மானிக்கக்கூடாது. பிறகு ஜெர்மனியில் ரைனர் புரூகெமன் இந்த முறையைப் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தார். ஆக, அளந்த எண்களுக்கு இந்தப் படத்தை வரைவது 40 ஆண்டுப் பழக்கம்.

அடுத்தது மென்பொருள். புள்ளியியல் மென்பொருள் சராசரி எடுக்கவும் கோடு பொருத்தவும் இருக்கிறது, வரிசை உறவுப் படத்தைக் கையாலோ அச்சுக்கோப்பு மொழியிலோ வரைந்துகொள்ளலாம் என்பது பலரின் எண்ணம். மூன்று உறுப்புக் கணத்தின் உட்கணங்களைக் கனசதுரம் போல வரைவதாக இருந்தால் சரிதான். கையால் வரைந்ததே அழகாக இருக்கும். அதில் சமச்சீர் இருக்கிறது, வரைபவருக்கு முன்கூட்டியே வடிவம் தெரியும். தரவிலிருந்து பிறக்கும் வரிசையில் அது கிடையாது. 50 மாநிலங்களுக்கு 1225 இணைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து ஒப்பீடு. கையால் செய்தால் ஒரு கோடு தப்புவது உறுதி, தப்பிய கோட்டை யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஆர் மொழியில் இது எவ்வளவு எளிது என்பதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இது பெரிய நிரலாக்கம் என்று நினைத்தே பலர் ஒதுங்குகிறார்கள். 50 நிரையும் 50 நிரலும் கொண்ட ஓர் அணி. நிரையில் உள்ள மாநிலம் நிரலில் உள்ளதைவிட மேல் என்றால் 1, இல்லையென்றால் 0. அந்த அணியை அதே அணியால் பெருக்குங்கள். கிடைக்கும் ஒவ்வோர் எண்ணும், அந்த இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் எத்தனை மாநிலங்கள் நிற்கின்றன என்பதைச் சொல்லும். முதல் அணியில் 1 இருந்து, பெருக்கலில் 0 வந்தால் அங்கே மட்டும் கோடு போடுங்கள். தேவையற்ற கோடு அத்தனையும் போய்விட்டது. எல்லா அளவிலும் ஒரே எண் கொண்ட இரண்டு பொருள்கள் இருந்தால் அவற்றை முதலிலேயே ஒரே புள்ளியாகச் சேர்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் கவனம். ஒப்பீட்டுக்கு ஒரு வரி, கோடுகளைப் பிரிக்க ஒரு வரி. இவற்றைக்கூட எழுத விரும்பாதவர்களுக்கு டேவிட் மேயரும் கர்ட் ஹோர்னிக்கும் எழுதிய ரிலேஷன்ஸ் தொகுப்பு இருக்கிறது. பல அளவுகளில் வறுமையை ஆராய்வோருக்காக ஆல்பெர்ட்டோ ஆர்காஞ்னியும் மார்கோ ஃபத்தோரேயும் தந்த பார்செக் தொகுப்பு இருக்கிறது. புள்ளிகளை அடுக்கடுக்காக வைத்துக் கோடுகள் வெட்டிக்கொள்வதைக் குறைக்கும் வழியை சுகியாமா, தகாவா, தோடா மூவரும் 1981இலேயே கொடுத்துவிட்டார்கள். ஐகிராஃப் தொகுப்பில் அது ஒரே கட்டளை.

ஆனால் இதைப் புள்ளியியல் மென்பொருளில் வரைய வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இந்த எளிமை மட்டும் காரணமல்ல. படம் வரைந்த பிறகு எழும் கேள்விகள் எல்லாம் புள்ளியியல் கேள்விகள். படத்தின் ஒரு கோட்டையும் மீறாமல் 50 மாநிலங்களையும் ஒரே வரிசையில் நிறுத்த எத்தனை வழிகள் உண்டு? இதைத் துல்லியமாக எண்ணுவது பொதுவாக மிகக் கடினமான கணக்கு என்று 1991இல் கிரஹாம் பிரைட்வெல்லும் பீட்டர் விங்க்லரும் நிறுவினார்கள். எண்ண முடியாததை மாதிரி எடுத்து மதிப்பிடலாம். அப்படிப்பட்ட வரிசைகளைச் சமவாய்ப்பில் விரைவாகப் பொறுக்கும் வழியை 1999இல் பப்ளியும் டயரும் தந்தார்கள். ஆயிரக்கணக்கான வரிசைகளைப் பொறுக்கி, ஒவ்வொரு மாநிலமும் எந்தெந்த இடத்தில் எத்தனை முறை வருகிறது என்று பரவல் வரைவது புள்ளியியல் மென்பொருளின் அன்றாட வேலை. அச்சுக்கோப்பு மொழியில் அழகான படம் வரைந்தவர் இந்த இடத்தில் நின்றுவிடுவார். படமும் கணக்கும் ஒரே இடத்தில் இருந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும்.

அந்தப் பரவல் என்ன காட்டும்? அலாஸ்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே யாரும் இல்லை. அதற்குக் கீழே, ஐந்து அளவிலும் தோற்று நிற்பவை அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி, தெற்கு கரோலினா ஆகிய ஐந்து மாநிலங்கள் மட்டுமே. மீதமுள்ள 44 மாநிலங்களுக்கும் அலாஸ்காவுக்கும் ஒப்பீடே கிடையாது. ஆகவே தரவோடு முரண்படாத வரிசைகளில் அலாஸ்கா முதலிடத்திலும் நிற்கலாம், 45ஆம் இடத்திலும் நிற்கலாம். ஒரு மாநிலத்தைப் பற்றி இந்த எண்கள் உறுதியாகச் சொல்வது அவ்வளவுதான். இந்த உண்மையை எந்தத் தரவரிசைப் பட்டியலிலாவது பார்த்திருக்கிறீர்களா? பட்டியல் அலாஸ்காவுக்கு ஓர் எண்ணைத் தரும், அந்த எண் எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்பதை மறைத்துவிடும்.

எதிர்த் தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அளவுகளைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் எல்லாம் ஒப்பிட முடியாததாகிவிடும், படத்தில் கோடே இருக்காது என்கிறார்கள். கணக்கு சரி. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத ஐந்து அளவுகள் என்றால் ஓர் இணை ஒப்பிடத்தக்கதாக இருக்கும் வாய்ப்பு 16இல் 1. பத்து அளவுகள் என்றால் 512இல் 1. ஆனால் இந்தக் கணக்கே என் பக்கம் சாட்சி சொல்கிறது. நம் தரவில் 16இல் 1 என்றால் 1225 இணைகளில் சுமார் 77தான் ஒப்பிடத்தக்கவையாக இருக்க வேண்டும். தெற்கில் அலபாமா, கென்டக்கி, ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி, டென்னசி, வடக்கு கரோலினா, தெற்கு கரோலினா என்ற எட்டை எடுங்கள். கலிஃபோர்னியா, கொலராடோ, கனெக்டிகட், ஐடஹோ, அயோவா, கன்சாஸ், மாசசூசெட்ஸ், மினசோட்டா, நெப்ராஸ்கா, ஒரிகன், வாஷிங்டன், விஸ்கான்சின் என்ற பன்னிரண்டில் ஒவ்வொன்றும் அந்த எட்டில் ஒவ்வொன்றையும் ஐந்து அளவிலும் மிஞ்சுகிறது. இந்த ஒரு பகுதியிலேயே 96 இணைகள் வந்துவிட்டன. அதாவது ஐந்து அளவுகளும் தனித்தனியே நிற்கவில்லை. வறுமை, எழுத்தறியாமை, குறைந்த ஆயுள், வன்முறை எல்லாம் சேர்ந்து ஒரே நிலப்பகுதியை அழுத்தியிருக்கின்றன. இதை எந்த எடையும் போடாமல், யாருடைய விருப்பத்தையும் கேட்காமல் சொல்லிவிட்டோம். எந்த எடை போட்டாலும் மாறாத உண்மை இது. படத்தில் கோடு இருக்கும் இடம் இத்தகைய உண்மை, கோடு இல்லாத இடம் நம் விருப்பத்துக்கு விடப்பட்ட இடம். இரண்டையும் பிரித்துக் காட்டும் கருவியை, விடை தராத கருவி என்று சொல்வது எப்படி நியாயம்?

அற்ப வேறுபாட்டுக்காக ஒப்பீடு உடைந்துபோகிறது என்ற புகாரும் உண்டு. டெக்சாஸ் நான்கு அளவுகளில் அலபாமாவைவிட மேல். எழுத்தறியாமையில் மட்டும் டெக்சாஸ் 2.2, அலபாமா 2.1. அந்த 0.1ஆல் கோடு போய்விட்டது. உண்மைதான், இது படத்தின் பலவீனம். 0.1ஐ இல்லையென்று வைத்துக்கொள்ளலாம் என்றால் வேறொரு சிக்கல் எழும். முதலாவதும் இரண்டாவதும் சமம், இரண்டாவதும் மூன்றாவதும் சமம், ஆனால் முதலாவதும் மூன்றாவதும் சமமல்ல என்றாகி, வரிசை உறவே குலைந்துவிடும். சரியான வழி, அளவீட்டுப் பிழையின் அளவுக்கு எண்களை அசைத்து, அசைத்த ஒவ்வொரு முறையும் வரிசையைத் திரும்பக் கணக்கிட்டு, எந்தக் கோடு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று பார்ப்பது. இதுவும் புள்ளியியல் மென்பொருளின் வேலைதான். கூட்டு மதிப்பெண்ணிலும் அந்த 0.1 இருக்கிறது, அது சராசரிக்குள் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. வியாதி தெரிகிறது என்பதற்காகப் பரிசோதனையைப் பழிக்கிறார்கள்.

கோட்டுச் சிக்கல் என்று காட்டப்படும் படங்களைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். நடுவில் ஆள் நிற்கும் இணைகளுக்கும் கோடு போட்டிருப்பார்கள், அம்புக்குறியும் வைத்திருப்பார்கள். முறையாகச் சுருக்கிய பின்னும் 50 புள்ளிகள் கண்ணுக்கு அதிகம் என்றால் ஒரு மாநிலத்தை எடுத்து, அதற்கு மேலும் கீழும் உள்ளவற்றை மட்டும் வரையுங்கள். படம் ஒரே தாளில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளை வாசகர் சமம் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து மட்டும் மெய்யானது. மென்பொருள் தரும் அடுக்கு ஒரு வசதிக்காக வந்தது, அதற்குப் பொருள் கிடையாது. ஆகவே உயரத்துக்கு ஒரு பொருளை நாமே கொடுத்துவிடுவது நல்லது. வருமானத்தையே உயரமாக வைக்கலாம். மேலே உள்ளதன் வருமானம் கீழே உள்ளதைவிடக் குறையாது என்பதால் எந்தக் கோடும் கீழ்நோக்கி ஓடாது.

இந்தியாவில் 2016 முதல் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தேசியத் தரவரிசை வெளியாகிறது. கற்பித்தலும் வளமும், ஆய்வு, பட்டம் பெறுவோர் நிலை, அனைவருக்கும் இடமளித்தல், வெளியில் உள்ள மதிப்பு என்று ஐந்து மதிப்பெண்கள். ஒட்டுமொத்தப் பட்டியலில் பல ஆண்டுகளாக அவற்றுக்கு 30, 30, 20, 10, 10 என்ற எடை. அனைவருக்கும் இடமளிப்பது ஆய்வில் மூன்றில் ஒரு பங்கு மதிப்புடையது என்பது ஒரு கொள்கை முடிவு. முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர் எடை போடத்தான் வேண்டும், நிதி ஒதுக்குபவருக்கு ஏதோ ஒரு வரிசை தேவைதான். அந்த முடிவை முடிவென்று சொல்லி, படத்துக்குப் பிறகு, படத்தோடு சேர்த்து வெளியிடட்டும். இடம் சரிந்தது என்று ஒரு கல்லூரியைத் தலைப்புச் செய்தியில் அவமதிக்கும் முன், அது யாரிடம் எல்லா அளவிலும் தோற்றது, யாரோடு ஒப்பிடவே முடியாதது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அலையும் பெற்றோருக்கு அது இன்னும் முக்கியம்.

பட்டியலில் வரும் நிறுவனங்களின் ஐந்து மதிப்பெண்களும் பொதுவெளியில் கிடைக்கின்றன. ஆர் மென்பொருள் இலவசம். புள்ளியியல் கற்பிக்கும் ஆசிரியர்களும் கல்விச் செய்தி எழுதும் பத்திரிகையாளர்களும் அடுத்த பட்டியல் வரும்போது அந்த மதிப்பெண்களை எடுத்து, எடை எதுவும் போடாமல், இந்தப் படத்தை வரைந்து மக்கள் முன் வையுங்கள்.